இப்போது எந்த மணியும் எனக்காக அடிப்பதில்லை

இந்த முறை இந்தப் பகுதிக்கு வந்த வாசகர் கடிதம் ஆறு பக்கம். நீல மையில், கையால் எழுதி, தபாலில் வந்தது. பெயர், பேட்டை, நிறுவனம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

எழுதியவருக்கு 64 வயது. சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவர். 38 ஆண்டுகள் மின்தூக்கிப் பராமரிப்பு வேலை. நடுச்சாமத்தில் மின்தூக்கி பாதியில் நின்று உள்ளே ஆள் மாட்டிக்கொண்டால், அவசர மணி அடித்ததும் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களில் ஒருவர். 63 வயதானதும் நிறுவனம் மறுவேலைக்குக் கூப்பிட்டது. ஆனால் அது கருவி அறையில் உட்கார்ந்து பொருள் எடுத்துக் கொடுக்கும் வேலை, சம்பளமும் குறைவு. “இத்தனை வருஷம் கழித்து என்னை ஸ்டோர்கீப்பர் ஆக்குகிறார்களா” என்று கையெழுத்துப் போடாமல் வந்துவிட்டார். பதினான்கு மாதம் ஆகிறது.

மனைவி ஒரு பள்ளி உணவகக் கடையில் உதவியாளர், இன்னும் வேலைக்குப் போகிறார். மகள் குடும்பம் பொங்கோலில். பேரனைப் பணிப்பெண் பார்த்துக்கொள்கிறார். “அப்பா, நீங்க ஓய்வெடுங்க” என்று மகள் சொல்லும்போதெல்லாம் அவருக்குக் குத்துகிறது. கோயில் நண்பர்களோடு ஒரு தாதிமை இல்லத்துக்குப் போய் பிஸ்கட் பொட்டலம் கொடுத்துவிட்டு வந்தார், மனம் நிறையவில்லை. இப்போது ஒரு பெரிய திட்டம் வைத்திருக்கிறார். பட்டுக்கோட்டைப் பக்கம் அப்பாவின் ஊரில் 90,000 வெள்ளி செலவில் பெற்றோர் பெயரில் ஓர் இலவச நூலகம் கட்டுவது. சித்தப்பா மகன் அங்கே அறக்கட்டளை தொடங்கி நடத்துவதாகச் சொல்கிறார். மனைவிக்குச் சம்மதமில்லை. “பிறருக்குப் பயன்படாத வாழ்க்கை ஒரு வாழ்க்கையா? நான் செய்ய நினைப்பது தவறா?” என்பது கேள்வி.

“முன்பு யாரோ அழுத்தும் மணிக்கு நான் ஓடினேன். இப்போது எந்த மணியும் எனக்காக அடிப்பதில்லை. நான் இல்லாமல் போனாலும் தெரிய ஒரு வாரம் ஆகும் போலிருக்கிறது” என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள ஐயா,

நூலகத்துக்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்தக் கடைசி வரி.

விடிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது, அப்புறம் தூக்கம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பிடித்த கிரிக்கெட்டைக்கூடப் பார்க்க மனமில்லை, கால்சட்டை இடுப்பில் தொளதொளக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். இதையெல்லாம் போகிற போக்கில், ஏதோ வானிலை சொல்வதுபோலச் சொல்லியிருக்கிறீர்கள். என் மேசைக்கு இது சின்ன விஷயமில்லை. மனச்சோர்வு பல ஆண்களிடம் அழுகையாக வராது. தூக்கம் கெடும், சாப்பாடு குறையும், எரிச்சல் வரும், “நான் எதற்கு” என்ற கேள்வி வரும். அது இரண்டு வாரத்துக்கு மேல் நாள்தோறும் தொடர்ந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். உங்களுக்கு மாதக்கணக்கில் ஆகிவிட்டது. இரத்த அழுத்தத்துக்குப் போகும் அதே பலதுறை மருந்தகத்தில் இதையும் சொல்லுங்கள். தைராய்டு போன்ற உடல் காரணம் இருக்கிறதா என்றும் சேர்த்துப் பார்ப்பார்கள்.

உங்களிடம் நேராகவே கேட்கிறேன்: ‘இல்லாமல் போனால்’ என்று எழுதியபோது உயிரை விடும் எண்ணம் மனத்தில் இருந்ததா? இருந்தால், இந்தப் பதிலை மேலே படிப்பதற்கு முன் 1767ஐ அழையுங்கள். சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கத்தின் எண், 24 மணி நேரமும் ஆள் இருப்பார்கள். 1771 தேசிய மனநல உதவி எண், அதுவும் இரவு பகல் இயங்குகிறது. எத்தனை பேருக்காக நடுச்சாமத்தில் ஓடியிருக்கிறீர்கள்! மின்தூக்கிக்குள் மாட்டிக்கொண்டு மணி அழுத்தியவரைப் பார்த்து, “இதற்கெல்லாமா மணி அடிப்பது” என்று ஒருநாளாவது திட்டியிருப்பீர்களா?

இதை ஏன் முதலில் வைத்தேன் என்றால், நம்மவர்களிடம் ஒரு நம்பிக்கை இருக்கிறது. மனம் சரியில்லையா, நாலு பேருக்கு உதவி செய், சரியாகிவிடும் என்பார்கள். ஓரளவுக்கு உண்மைதான். ஆனால் சோர்வு முற்றியவர் தொண்டூழியத்துக்குப் போனால், அங்கேயும் தான் பயனற்றவன் என்பதற்குத்தான் சாட்சி தேடுவார். பிஸ்கட் கதையில் அதுதான் நடந்ததோ என்று எனக்குச் சந்தேகம்.

பழைய கணக்கு

“38 வருஷம் சம்பளத்துக்கு வேலை பார்த்தேன், அவ்வளவுதான். இனிமேலாவது பிறருக்குப் பயன்பட வேண்டும்” என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வரியை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

நம் பழைய அடுக்குமாடி புளோக்குகளில் முன்பு மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காது, சில மாடிகளில் மட்டும்தான் நிற்கும். இடைப்பட்ட மாடிக்காரர்கள் மளிகைப் பையோடு படியேற வேண்டும். 2001இல் மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டம் வந்தபிறகுதான் ஒவ்வொரு மாடியிலும் நிற்கும்படி புளோக் புளோக்காக மாற்றினார்கள். அந்த வேலையில் ஆறு ஆண்டு இருந்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அதுவும் அடைப்புக்குறிக்குள்! என் அம்மா அப்படிப்பட்ட ஒரு மூன்றாம் மாடியில் குடியிருந்தார். முழங்கால் போனபிறகு இரண்டு ஆண்டு அவர் கீழே இறங்கியது மருத்துவரைப் பார்க்க மட்டும்தான். மின்தூக்கி வந்த வாரம் தனியாகத் தேக்கா சந்தைக்குப் போய் கத்தரிக்காய் வாங்கிவந்து, அதை ஒரு சாதனைபோல் எங்களுக்குக் காட்டினார். அந்த மின்தூக்கியை யார் மாட்டினார்கள் என்று எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை.

சம்பளம் வாங்கியதால் அந்தப் பயன் செல்லாததாகிவிடாது. சம்பளம் வாங்காமல் செய்வதுதான் சேவை என்றால் தாதியரும் ஆசிரியரும் பேருந்து ஓட்டுநரும் எந்தக் கணக்கில் வருவார்கள்? உங்களுக்குப் போனது நோக்கமா, அல்லது அந்த நோக்கத்தைத் தினமும் கையில் கொண்டுவந்து கொடுத்த ஏற்பாடா? மணி, முகவரி, பை, கூட வரும் பையன், வேலை முடிந்ததும் காப்பிக்கடையில் ஒரு கோப்பி-ஓ. இந்த ஏற்பாடு போய்விட்டது என்றுதான் நான் படிக்கிறேன். ஏற்பாட்டை மறுபடி அமைக்க முடியும். ‘நோக்கம்’ என்று பெரிய எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு தேடினால் 64 வயதில் என்ன, 24 வயதிலும் கிடைக்காது.

63 வயது பற்றி ஒரு திருத்தம்

“சட்டப்படி என் காலம் முடிந்தது” என்கிறீர்கள். அப்படி இல்லை. 2022 ஜூலையிலிருந்து ஓய்வுபெறும் வயது 63, மறுவேலைவாய்ப்பு வயது 68. 2026 ஜூலை 1 முதல் இவை 64, 69. முதல் எண்ணின் பொருள், அதற்குக் கீழே வயதைக் காரணம் காட்டி அனுப்பக்கூடாது என்பது. தகுதியுள்ளவருக்கு இரண்டாவது எண் வரை நிறுவனம் மறுவேலை கொடுக்க முன்வர வேண்டும்; வேலையும் சம்பளமும் பழையபடியே இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. நீங்கள் மறுத்து வந்துவிட்டதால் பழைய நிறுவனத்தை இப்போது வற்புறுத்த வழியில்லை. ஆனால் வேறு யாரும் உங்களை வேலைக்கு எடுக்கத் தடையும் இல்லை. கருவி அறை வேலையை மறுத்தது தவறு என்று சொல்ல மாட்டேன். அந்த அறைக்கு வரும் இளம் பையன்களுக்கு யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள் என்று மட்டும் ஒரு நிமிடம் யோசித்தேன். சரி, அது முடிந்த கதை.

அந்தப் பிஸ்கட் பொட்டலம்

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, நீங்கள் வெட்கப்பட்டு எழுதிய பகுதி. முப்பது பேர் பேருந்தில் போனீர்கள். ஆளுக்கு ஒரு பை, பையில் கிரீம் பிஸ்கட், பாக்கெட் பானம். சக்கர நாற்காலியில் இருந்த ஓர் அம்மாள் பையை வாங்கிப் பார்த்துவிட்டு, “எனக்கு இனிப்புநீர் நோய் தம்பி, நீங்களே சாப்பிடுங்க” என்று திருப்பிக் கொடுத்தார். யாரோ புகைப்படம் எடுப்பதற்காக, அந்தப் பையை மறுபடி அவர் கையில் வைக்கச் சொன்னார்கள். நீங்களும் வைத்தீர்கள். அன்று இரவு தூக்கம் வரவில்லை.

தூக்கம் வராததே நல்லது என்பேன். அந்த அம்மாளுக்குத் தேவையில்லாத ஒன்றை இரண்டு முறை கொடுத்தோம் என்று உங்கள் மனத்துக்குத் தெரிந்திருக்கிறது. அன்று படம் எடுத்த பலருக்கு அது தெரிந்திருக்காது.

நானும் இப்படித்தான் தொடங்கினேன். 24 வயதில் ஒரு வாடகை வீட்டுப் பேட்டையில் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுக்கப் போனேன். வண்ண அட்டை, பாட்டு, கதை எல்லாம் நானே தயாரித்தேன், ரொம்பப் பெருமை. மூன்று மாதம் கழித்து ஒரு தாய் தயங்கித் தயங்கி வந்து, “டீச்சர், இந்த ஃபாரத்தை நிரப்பித் தர முடியுமா, நாலு மாசமா வச்சிருக்கேன்” என்று ஒரு நிதியுதவிப் படிவத்தை நீட்டினார். நாலு மாதம்! நான் வாராவாரம் அந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்க்கொண்டிருந்தேன். ஒரு தடவைகூட “உங்களுக்கு என்ன வேண்டும்” என்று கேட்கவில்லை.

என் தொழிலில் நான் கற்றுக்கொண்டதில் உருப்படியானது இந்த ஒன்றுதான், ஐயா. ஒரு செயல் பயனுள்ளதா என்று சொல்லும் உரிமை வாங்கிக்கொள்பவருக்குத்தான் உண்டு. கொடுப்பவர் தன் மனநிறைவை வைத்து அதை அளக்க முடியாது. உங்கள் தொழிலில் இந்தக் குழப்பமே வந்திருக்காது. கதவு திறந்ததா, ஆள் வெளியே வந்தாரா என்பதுதான் கேள்வி. மாட்டிக்கொண்டவர்தான் மணி அழுத்துவார், நீங்களாகப் போய் ஓடுகிற மின்தூக்கியை நிறுத்திக் கதவைத் திறந்ததில்லை.

“பிறருக்குப் பயன்பட வேண்டும்” என்ற ஆசைக்குள் “பிறருக்கு நான் தேவைப்பட வேண்டும்” என்ற பசியும் ஒளிந்திருக்கும். எனக்கும் இருக்கிறது, அது குற்றமில்லை. ஆனால் அந்தப் பசி மட்டும் வண்டியை ஓட்டினால், உதவி வாங்குபவர் சொந்தக் காலில் நிற்கத் தொடங்கும் நாளில் நமக்குக் கோபம் வரும். “ஓய்வெடுங்க” என்று மகள் சொன்னதும் உங்களுக்குக் குத்தியதில் இதுவும் கொஞ்சம் இருக்கிறதா பாருங்கள். அவள் உங்களை ஒதுக்குவதாக எடுத்துக்கொண்டீர்கள். இத்தனை ஆண்டு இரவுப்பணி பார்த்த அப்பா இப்போதாவது தூங்கட்டும் என்று ஒரு பெண் நினைக்கக்கூடாதா? பேரனை வாரம் ஒருநாள் நான் பள்ளியிலிருந்து அழைத்துவருகிறேன் என்று நீங்கள் கேட்டதாகக் கடிதத்தில் எங்கும் இல்லை. அவள் கூப்பிட வேண்டும் என்று காத்திருந்ததாகத்தான் இருக்கிறது.

ஊர் நூலகம்

இப்போது 90,000 வெள்ளிக்கு வருவோம். பெற்றோர் பெயர் அவர்கள் பிறந்த மண்ணில் நிலைக்க வேண்டும் என்று நினைப்பதில் தவறே இல்லை. ஆனால் நீங்கள் போட்டிருக்கும் வழியில் நாலு பள்ளம் தெரிகிறது.

முதல் பள்ளம் சட்டம். நீங்கள் சிங்கப்பூர்க் குடிமகன். இந்திய அறக்கட்டளை ஒன்றுக்கு நீங்கள் தரும் பணம் அங்கே வெளிநாட்டு நன்கொடை. நீங்கள் தமிழர், அப்பா பட்டுக்கோட்டைக்காரர், வெளிநாட்டு இந்தியருக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டை இருக்கிறது என்பதெல்லாம் இதை மாற்றாது. 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி அந்த அறக்கட்டளை இந்திய உள்துறை அமைச்சில் பதிவு பெற்றிருக்க வேண்டும், அல்லது முன் அனுமதி வாங்க வேண்டும். பதிவுக்குப் பொதுவாக மூன்றாண்டாவது செயல்பட்டிருக்க வேண்டும். உங்கள் தம்பியின் அறக்கட்டளை இன்னும் பிறக்கவே இல்லை. பணமும் முதலில் பாரத ஸ்டேட் வங்கியின் புதுடில்லி முதன்மைக் கிளையில் அதற்கென்று திறந்த கணக்குக்குத்தான் போக வேண்டும். “அதெல்லாம் வேண்டாம்ணே, என் கணக்குல போட்டுடுங்க” என்று அவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். போடாதீர்கள். உறவினருக்குத் தரும் அன்பளிப்புக்குத் தனி விதி உண்டு, ஆனால் சட்டத்தின் உறவினர் பட்டியல் நம் உறவினர் பட்டியலைவிட மிகச் சிறியது. ஏதாவது சிக்கல் வந்தால் ஊரில் பதில் சொல்லப்போவது அவர்தான். நான் வழக்கறிஞர் இல்லை. ஒரு வெள்ளி அனுப்புவதற்கு முன், இந்தச் சட்டம் தெரிந்த ஓர் இந்தியக் கணக்காய்வாளரையோ வழக்கறிஞரையோ பாருங்கள்.

இரண்டாவது, வாட்ஸ்அப்பில் போட்டு இங்கேயும் நிதி திரட்டலாம் என்ற யோசனை. வெளிநாட்டு அறப்பணிக்காகச் சிங்கப்பூரில் பொதுமக்களிடம் நிதி திரட்ட அறநிறுவன ஆணையரின் அனுமதி வேண்டும். மகள் தன் பங்காகக் கொடுத்தால் அவளுக்கு வரிக்கழிவு கிடைக்கும் என்பதும் நடக்காது. அது இங்கே அங்கீகாரம் பெற்ற பொதுநல அமைப்புகளுக்குத் தரும் நன்கொடைக்குத்தான்.

மூன்றாவது, ஊர் கேட்டதா? ஊர்ப் பிள்ளைகளுக்கு இப்போது என்ன குறை என்று அந்தப் பள்ளித் தலைமையாசிரியரிடம் யாராவது பேசினீர்களா? கட்டடம் கட்டுவது எளிது. ஐந்தாம் ஆண்டில் நூலகரின் சம்பளத்தையும் மின்கட்டணத்தையும் யார் கட்டுவார்கள்? புழுதி படிந்த கல்வெட்டில் பெற்றோர் பெயர் இருப்பதற்கா 90,000? ஒருமுறை போய் ஒரு மாதம் தங்குங்கள். தங்கிப் பார்த்தபிறகு, கட்டடமே வேண்டாம், நாலு பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணம் போதும் என்று உங்களுக்கே தோன்றலாம்.

நாலாவது பள்ளம் உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஆறு பக்கக் கடிதத்தில் உங்கள் மனைவி மூன்று இடத்தில் வருகிறார். மூன்றிலும் முட்டுக்கட்டையாக. “படியில் இறங்கவே கஷ்டப்படுகிறாள், அப்படியும் வேலைக்குப் போகிறாள், ஆனால் என் நூலகத்துக்கு மட்டும் காசில்லை என்கிறாள்” என்று எழுதியிருக்கிறீர்கள். இதைத் திரும்ப ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், ஐயா.

உங்களுக்கு அடுத்த ஆண்டு 65 ஆனதும் மத்திய சேமநிதியிலிருந்து மாதத் தொகையைத் தொடங்கலாம், 70 வயது வரை தள்ளியும் போடலாம். அது உங்கள் கணக்கு. பல ஆண்டு பகுதிநேரமாகவே வேலை பார்த்த அவருடைய கணக்கில் எவ்வளவு இருக்கிறது? அவருடைய ஓய்வுக்காலக் கணக்கை நீங்கள் ரொக்கமாக நிரப்ப வழி இருக்கிறது. கையில் இருக்கும் 90,000த்தில் இருவரின் மருத்துவச் செலவுக்கும் ஓராண்டு வீட்டுச் செலவுக்கும் எடுத்து வைத்து, அவர் கணக்கையும் பார்த்துவிட்டு, மிஞ்சியதில் எவ்வளவு தரலாம் என்று இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். கொடுத்துவிட்டால் திரும்பி வராது என்று எண்ணித்தான் அந்தத் தொகை முடிவாக வேண்டும். தனக்கு மிஞ்சித்தான் தானதர்மம் என்று நம் பெரியவர்கள் சொன்னதைச் சிலர் கஞ்சத்தனத்துக்குத் துணைக்கு அழைப்பார்கள். உங்கள் மனைவி அப்படிச் சொல்வதாக எனக்குத் தெரியவில்லை. அவர் பயப்படுகிறார்.

சரி, திங்கட்கிழமை என்ன செய்வது?

“எங்கே போய்க் கேட்பது, 64 வயதுக் கிழவனை யார் சேர்ப்பார்கள்” என்கிறீர்கள். உங்கள் கையில் இருப்பதை வைத்துச் சொல்கிறேன். பட்டியல் போட்டு எல்லாவற்றிலும் சேர வேண்டாம். ஒன்றே ஒன்று போதும்.

ரிப்பேர் கோப்பிதியாம் என்று ஒன்று இருக்கிறது, 2014இல் தொடங்கியது. பழுதான மின்விசிறி, சோற்றுப்பானை, வானொலி இவற்றை மக்கள் தூக்கிக்கொண்டு வருவார்கள். பழுதுபார்க்கத் தெரிந்த தொண்டூழியர் பக்கத்தில் உட்கார்ந்து, கொண்டுவந்தவரின் கையாலேயே சரிசெய்ய வைப்பார். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இதுதான். திருப்புளியை வாங்கிக்கொண்டு “நகருங்க, நான் பார்க்கிறேன்” என்று சொல்லாமல் உட்கார்ந்திருப்பது உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். ஆனால் கற்றுக்கொடுப்பது என்றால் அதுதான்.

பிள்ளைகள் பக்கம் மனம் போனால் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவிடம் கேளுங்கள். சிறு பிள்ளைகளின் வீட்டுக்கே போய்க் கூட உட்கார்ந்து வாசிக்கத் தொண்டூழியர் எடுக்கிறார்கள். வெளிநாட்டு ஊழியர்கள் பக்கம் என்றால், காயம்பட்டோ வேலை இழந்தோ நிற்கும் ஊழியர்களுக்கு டிடபிள்யூசி2 அமைப்பு 2008 முதல் லிட்டில் இந்தியாவில் இலவச உணவுத் திட்டம் நடத்துகிறது. தமிழில் கதை கேட்க ஒரு பெரிய மனிதர் இருந்தால் அங்கே அதற்கும் மதிப்பு உண்டு. இன்னொன்று, மின்தூக்கித் துறையில் அனுபவசாலிகளுக்குப் பஞ்சம் என்று நீங்களே புலம்பியிருக்கிறீர்கள். வாரம் இரண்டு நாள் பயிற்சியாளராக வர முடியும் என்று இரண்டு நிறுவனங்களுக்காவது சொல்லிப் பாருங்கள். சம்பளம் வாங்குங்கள், கூச்சப்படாதீர்கள்.

எதை எடுத்தாலும் நாளும் நேரமும் நிலையாக இருக்கட்டும். அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரத் தொடக்கப்பள்ளிகளில் எக்ஸ்பீரியன்ஸ் கோர் என்ற திட்டத்தை நடத்தினார்கள். 60 வயது கடந்தவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, குழுவாக, வாரம் 15 மணி நேரம் பிள்ளைகளோடு வாசிக்க வைத்தார்கள். முதியவர்களின் உடல், மூளை நலம் இரண்டையும் ஆய்வாளர்கள் கவனித்து வந்தார்கள். எனக்கு அதில் பிடித்தது அந்த ஏற்பாடுதான். ‘நல்ல மனசு இருந்தால் போதும், வாங்க’ என்று விடாமல், பயிற்சி, கூட்டாளி, நேரம் எல்லாம் கொடுத்தார்கள். நீங்கள் இழந்ததும் கிட்டத்தட்ட அதே பட்டியல். உங்களுக்கு 15 மணி நேரம் இப்போது வேண்டாம். தூக்கம் சரியாகும்வரை வாரம் மூன்று மணி நேரம். மூன்று மாதம் விடாமல் போய்விட்டு, பிடிக்கவில்லை என்றால் சொல்லிக்கொண்டு விலகுங்கள். சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பவர்கள் பாவம்.

இதையெல்லாம்விடப் பக்கத்தில் ஒன்று இருக்கிறது. ஐந்தாம் பக்கத்தில், “இது ஒன்றுமில்லை, சும்மா எழுதுகிறேன்” என்று ஆரம்பித்து ஒரு பத்தி எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மாடியிலேயே தனியாக இருக்கும் சீனப் பாட்டி. இரண்டு ஆண்டுக்கு முன் அவருடைய சமையலறைக் குழல்விளக்கை மாற்றிக் கொடுத்தீர்கள். அப்போதிலிருந்து புதன்கிழமைகளில் உங்கள் இரும்புக் கதவில் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் பை தொங்கும், உள்ளே இரண்டு ஆரஞ்சு. பிறகு குழாய், கதவுத் தாழ்ப்பாள், கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக்குவது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவருக்குத் தெரிந்த மலாயும் உங்களுக்குத் தெரிந்த மலாயும் கலந்து எப்படியோ பேசிக்கொள்கிறீர்கள். போன மாதம் இரண்டு புதன் பை வரவில்லை என்றதும் கதவைத் தட்டினீர்கள். விழுந்து இடுப்பு வலியோடு இருந்தார். மருத்துவ உதவி வண்டியைக் கூப்பிட்டீர்கள்.

“நான் இல்லாமல் போனால் தெரிய ஒரு வாரம் ஆகும்” என்று ஆறாம் பக்கத்தில் எழுதியவரும் இந்தப் பத்தியை எழுதியவரும் ஒரே ஆள்தானா என்று திருப்பிப் பார்த்தேன். ஒரே கையெழுத்து.

இதில் இரண்டு எச்சரிக்கை. விளக்கு மாற்றலாம், தாழ்ப்பாள் மாட்டலாம். அவர் வீட்டுச் சுவருக்குள் ஓடும் மின்கம்பியில் கைவைக்காதீர்கள். எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும் அதற்கு உரிமம் பெற்ற மின்பணியாளர்தான் வர வேண்டும், விபத்து நடந்தால் பொறுப்பு உங்கள் தலையில் விழும். அவருடைய வங்கி அட்டை, ரகசிய எண் எதையும் உதவிக்காகக்கூட வாங்காதீர்கள். அப்புறம், அவர் பாரம் முழுவதையும் நீங்கள் ஒருவரே சுமக்க வேண்டாம். உங்கள் பேட்டையிலுள்ள மூத்தோர் நிலையத்தில், அவர் சம்மதம் கேட்டுவிட்டு, தனியாக இருக்கிறார், ஒருமுறை விழுந்திருக்கிறார் என்று சொல்லுங்கள். வாரம் ஒருவர் வந்து பார்க்க ஏற்பாடு செய்வார்கள். நீங்கள் பட்டுக்கோட்டைக்குப் போகும் மாதத்திலும் அவர் கதவை யாராவது தட்ட வேண்டுமே.

மருத்துவரைப் பார்த்த தேதியை எனக்கு எழுதுங்கள். படியிறங்கக் கஷ்டப்படும் மனைவியின் முழங்காலையும் அதே நாளில் காட்டிவிட்டு வந்தால் இன்னும் நல்லது. மற்றொன்று, அந்தப் பத்தி முழுக்க நீங்கள் ‘பாட்டி’ என்றே எழுதியிருக்கிறீர்கள். இரண்டு ஆண்டாக ஆரஞ்சு சாப்பிடுகிறீர்கள். அவர் பெயர் என்ன? வரும் புதன்கிழமை கேட்டு, அதையும் கடிதத்தில் எழுதுங்கள்.